பத்தாவது காப்பி போகும் வழி

எம். புதுப்பட்டி முக்கில் இருக்கும் காளிராஜ் காப்பிக்கடையில் ஒன்பது காப்பி குடித்த உறுப்பினருக்குப் பத்தாவது காப்பி இலவசம், அதை வாங்க அவர் கடைக்கு வர வேண்டியதில்லை, அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே அது தானே போய்ச் சேர்ந்துவிடும். காப்பி பதினைந்து ரூபாய், பார்சல் என்றால் இரண்டு ரூபாய் கூட. வெளியூர்க்காரர்கள் கடையில் நின்று சண்டை போடுவது அந்த இரண்டு ரூபாய்க்காகத்தான். டம்ளர் காற்றில் போவதைப் பற்றி யாரும் அதிகம் விசாரிப்பதில்லை, விசாரித்தாலும் காளிராஜிடம் பதில் கிடையாது.

உறுப்பினர் அட்டை வந்ததற்குக் காரணம் பைபாஸில் திறந்த ஏசி காப்பிக்கடை. அங்கே செல்போனில் பாயிண்ட் ஏறும் என்று கேள்விப்பட்டு முதலில் கம்பெனி முதலாளிகளின் பிள்ளைகள் காரில் போனார்கள், பிறகு ஆள் ஏற்றும் வேன் டிரைவர்களும் போக ஆரம்பித்தார்கள். காளிராஜின் மகள் ரோஷினி விருதுநகரில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். வந்தவர் மறுபடி வருவதற்கு ஒரு பிடிமானம் வேண்டும், அதற்கு நம்மிடமும் ஓர் அட்டை வேண்டும் என்றாள். "காப்பி நல்லா இருந்தா வருவாக, இல்லாட்டிப் போவாக. இதுக்கு எதுக்குத்தா அட்டை?" என்றார் காளிராஜ். அவர் மனைவி பொன்னுத்தங்கம் சமையல்கட்டிலிருந்தபடியே, "பிள்ளை சொல்றதக் கேளுங்க. ஒங்க காப்பி அம்புட்டு ஒண்ணும் நல்லா இல்ல" என்று பேச்சை முடித்துவைத்தாள்.

அட்டையை அடித்துக் கொடுத்தது பொன்னுத்தங்கத்தின் தம்பி ராஜபாண்டியன். சிவகாசியில் அவருக்கு ஆப்செட் அச்சகம். அப்போது காலண்டர் சீசன், மெஷினுக்கு ஓய்வே கிடையாது. மச்சானுடைய சின்ன வேலைக்காகத் தனியாக பிளேட் போடுவாரா? ஏதோ ஒரு நகைக்கடைக் காலண்டருக்கு முருகன் படம் ஓடிக்கொண்டிருந்த தாளின் ஓரத்தில் காலியாகக் கிடந்த வெள்ளையில் காப்பி அட்டைகளையும் ஏற்றி ஓட்டிவிட்டார். சிவகாசியில் எத்தனையோ சின்ன வேலைகள் இப்படிப் பெரிய வேலையின் ஓரத்தில் தொற்றிக்கொண்டுதான் வெளியே வருகின்றன. அட்டையின் அடியில் "சலுகை டிசம்பர் 31 வரை மட்டுமே" என்று பொடி எழுத்தில் ஒரு வரியைச் சேர்த்தவள் ரோஷினி. எதற்கு என்று கேட்டதற்கு, எல்லா அட்டையிலும் அப்படி ஒரு வரி இருக்கும் என்றாள்.

உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பட்டாசுக் கம்பெனி ஆட்கள். கம்பெனி வாசலில் பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். செல்போன், பீடி, சாவிக்கொத்து எதுவும் உள்ளே போகாது. சோதனை செய்கிறவரிடம் காப்பி அட்டைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. ஆகவே அட்டைகளைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். காளிராஜ் ஒவ்வொன்றிலும் பேரை எழுதிச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். குடிக்கக் குடிக்க, காலண்டருக்குத் துளை போடும் பழைய பஞ்ச் மெஷினால் ஓர் ஓட்டை போடுவார். ஓட்டை விழுகிற சத்தத்தைக் கேட்பதற்கென்றே சிலர் வந்தார்கள் என்று சொல்வதில் மிகையில்லை.

முதலில் கிளம்பிய டம்ளர் முருகம்மாளுடையது. அவள் திரி வெட்டுகிறவள், அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாள். அவள் மகள் சினேகா வந்து, அம்மாவின் அட்டை நிறைந்துவிட்டது, அந்த ஓசிக் காப்பியை நான் குடித்துக்கொள்கிறேன் என்றாள். காளிராஜ் ஆற்றி வைத்தார். சினேகா கை நீட்டுவதற்குள் டம்ளரும் டபராவும் சேர்ந்தாற்போல் மேலே எழும்பி, நெஞ்சு உயரத்தில், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் வாசலைத் தாண்டிப் போயின. எவர்சில்வர் டம்ளர் போகிறதே என்ற பதைப்பில் காளிராஜும் பின்னால் ஓடினார். காளிராஜின் அப்பா காலத்தில் இந்தக் கடையின் டம்ளர் காலனித் தெருவுக்குள் போனதே கிடையாது, காலனிக்காரர்களுக்கென்று வேறு டம்ளர் கூரையில் செருகியிருக்கும். இந்த டம்ளர் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. நேராகப் போய் முருகம்மாள் எழுந்து உட்காரும்வரை கட்டிலருகே நின்றது. அவள் குடித்து முடித்ததும் கடைக்குத் திரும்பிவிட்டது. காய்ச்சல் விட்டதா என்று பலர் கேட்டார்கள். விடவில்லை, மாத்திரை போட்ட பிறகுதான் விட்டது. ஆனால் காப்பி சூடாக இருந்தது என்று அவள் சொன்னாள்.

அதன் பிறகு பழக்கமாகிவிட்டது. பட்டாசுக் கம்பெனி வாசலில் டம்ளர் உள்ளே போகாமல் வேப்பமரத்தடியில் காத்திருக்கும், ஆள் வெளியே வந்ததும் கொடுக்கும். மழை பெய்தால் கூரை இறவாரம் பார்த்து ஒதுங்கும். பஸ்ஸில் போக வேண்டியிருந்தால் டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்துகொள்ளும். திருப்பூருக்கு வேலைக்குப் போன மாரிக்கண்ணனுக்குக் காப்பி திருப்பூர் போயிற்று. போய்ச் சேரும்வரை ஆறுவதில்லை, உறுப்பினரைத் தவிர வேறு கை பட்டால் விலகிக்கொள்ளும். லாரி டிரைவர் காசிராஜன் அட்டை நிறைந்த நிலையில் மாரடைப்பில் இறந்துபோனார். அவர் மனைவி கேட்டுக்கொண்டதால் காளிராஜ் அவருக்கும் ஆற்றி வைத்தார். அந்தக் காப்பி மேற்கே சுடுகாட்டுக்குப் போய், சாம்பல் கிடந்த இடத்தில் பொழுது சாயும்வரை நின்றுவிட்டு, நிறைந்தது நிறைந்தபடி ஆறிப்போய்த் திரும்பி வந்தது. காசிராஜன் மனைவி அதைப் பார்த்துவிட்டு அழுதாள். ஊரே அந்த ஆறிப்போன காப்பியைப் பார்த்தது. அதனால்தான் பின்னால் பாண்டிமீனாவின் விஷயத்தில் யாரும் அவசரப்படுத்தவில்லை.

பாண்டிமீனா சுடலையின் மனைவி. வீட்டிலிருந்தபடி வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறவள். சுடலை கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிறவன். வெயில் ஏறினால் மருந்து சூடேறும் என்பதால் அந்த வேலையை விடியற்காலையிலேயே தொடங்கி முடித்துவிட வேண்டும். அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின சீசன், ஆர்டர் தலைக்குமேல் இருந்தது. ஒருநாள் காலையில் சுடலை கம்பெனியின் பின்வேலிச் சந்து வழியாகக் கடைக்கு வந்து, நின்றபடியே காப்பியைக் குடித்து, அட்டையில் ஒன்பதாவது ஓட்டையைப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கிளம்பினான். காளிராஜ் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். அப்போது சத்தம் கேட்டது. அலமாரியில் இருந்த டம்ளர்கள் எல்லாம் உருண்டு கீழே விழுந்தன.

மருந்து அறையில் நான்கு பேருக்குமேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். நான்கு பேரைத்தான் வெளியே எடுத்தார்கள். ஆனால் நான்காவது ஆள் சுடலை இல்லை. பெட்டிக்குள் வெடி அடுக்கும் பகுதியில் வேலை பார்க்கிற பெத்தணன். கால் பெருவிரலை வைத்து அவனை அடையாளம் சொன்னவள் அவன் மனைவி மாரித்தாய். பெட்டி அடுக்குகிறவன் மருந்து அறைக்குள் எதற்குப் போனான் என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. சுடலை என்ன ஆனான் என்றும் தெரியவில்லை. கடையிலிருந்து போனவன் அந்த நேரத்துக்குள் அறை வாசலை எட்டியிருப்பான், அவ்வளவு பெரிய தீயில் என்ன மிஞ்சும் என்றார்கள் சிலர். எட்டியிருக்க மாட்டான், எங்கேயோ ஓடிவிட்டான் என்றார்கள் சிலர். கம்பெனிக் கணக்கில் அவன் இறந்தவன். நிவாரணத்துக்குக் கையெழுத்து வாங்க ஆள் வந்தபோது பாண்டிமீனா குழாய் சுற்றுவதை நிறுத்தாமல், "செத்தாருன்னு நான் எப்பிடிக் கையெழுத்துப் போட? நீங்க பாத்தீகளா?" என்று கேட்டாள். அவர் பார்க்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

தெரிந்துகொள்ள வழி இருந்தது, அது காளிராஜ் கடைச் சுவரில் தொங்கியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், காப்பி கிளம்பிவிடும். மேற்கே போனால் சுடுகாடு, இல்லாவிட்டால் உயிரோடு இருக்கிறான். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும், எல்லாரையும்விட பாண்டிமீனாவுக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே அவள் கடைப்பக்கம் வருவதை நிறுத்தினாள். ரேஷன் கடைக்குப் போக வேண்டுமென்றாலும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போனாள். கேட்காதவரை அவளுக்குப் புருஷன் இருந்தான். கேட்டுவிட்டு இல்லையென்று ஆகிவிட்டால் என்ன செய்வது? அவள் பயந்தது நியாயம்தான். நாமாக இருந்தாலும் பயந்திருப்போம்.

கார்த்திகை போய் மார்கழி வந்ததும் ஊர் அந்தப் பொடி எழுத்து வரியைப் படிக்க ஆரம்பித்தது. அதற்கு முந்தின வருஷம் பாலகுரு என்ற வேன் டிரைவர் அட்டை நிறைந்தும் மறந்துவிட்டான். ஜனவரி முதல் தேதி காளிராஜ் பெருந்தன்மையாக, "நம்ம கடை, நம்ம அட்டை, தேதி என்ன தேதி" என்று ஆற்றி வைத்தார். டம்ளர் அசையவில்லை. உலகத்தில் உள்ள மற்ற டம்ளர்கள் இருப்பதுபோல் மேசைமேல் இருந்தது. பாலகுரு நேரில் வந்து குடித்துவிட்டுப் போனான். அச்சில் ஏறியதை மாற்ற முதலாளிக்கும் அதிகாரமில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. அதற்குள் அடுத்த வருஷ அட்டையும் அதே வரியோடு அச்சாகி வந்துவிட்டது. இப்போது ரோஷினி அந்த வரியை நினைத்து இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தாள். பொன்னுத்தங்கம்தான் காலனிக்கு நடந்துபோய் பாண்டிமீனாவிடம் விஷயத்தைச் சொன்னாள். "கெடந்துட்டுப் போகட்டும்க்கா. தேதி முடிஞ்சா நல்லதுதான். அப்புறம் என்னைய யாரும் கேக்க மாட்டாகள்ல" என்றாள் பாண்டிமீனா.

டிசம்பர் முப்பதாம் தேதி மாரித்தாய் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்காமலே ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்துத் தானும் குழாய் சுற்ற ஆரம்பித்தாள். கத்தை தீர்ந்தது. பிறகு மாரித்தாய் சொன்னாள்: "யக்கா, எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஒனக்குத் தெரியல. ரெண்டுல எது கொடுமைன்னு என்கிட்ட கேக்காத. ஆனா நான் ராத்திரி அழுதுட்டுத் தூங்கிர்றேன். நீ அழவும் இல்ல, தூங்கவும் இல்ல. ஒம் மூஞ்சியப் பாத்தியா?" பாண்டிமீனா சுற்றிய குழாயைக் கீழே வைத்தாள். "சுடுகாட்டுக்குப் போனா நானும் ஒங்கூட வாறேன். அங்கன எனக்கும் ஆளு இருக்கு" என்றாள் மாரித்தாய். அப்போதுதான், அந்தச் சத்தம் கேட்ட நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, பாண்டிமீனா அழுதாள்.

மறுநாள் காலை இருவரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். கடையில் இருந்தவர்கள் எழுந்து வழி விட்டார்கள். "போடுங்க அண்ணாச்சி" என்றாள் பாண்டிமீனா. காளிராஜ் ஆணியிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். இருபத்தைந்து வருஷமாகக் காப்பி ஆற்றுகிறவர் அன்று பாதிப் பாலை அடுப்பில் ஊற்றினார். சுடலை எப்போதும் கேட்கிறபடி சீனி கூடுதலாகப் போட்டார். டம்ளர் எழும்பியது. வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றது. பிறகு மேற்கே திரும்பியது.

பாண்டிமீனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாரித்தாய் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். காளிராஜ் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். டம்ளரின் பின்னால் போய்ப் பார்க்கத் தெம்பு இருந்தது பாலகுருவுக்கு மட்டும்தான். போனவன் தலைதெறிக்கத் திரும்பி ஓடிவந்தான். "ஏத்தா, எந்திரிங்க! சுடுகாட்டுக்குப் போகல. தண்ணித்தொட்டிக்கிட்ட பஸ் திரும்பிக்கிட்டு நிக்கி, அதுல ஏறி உக்காந்திருக்கு. சீக்கிரம் வாங்க, எடுத்துருவான்!" எம். புதுப்பட்டிக்கு வருகிற பஸ் தெருவில் திரும்ப இடமில்லாமல் மேற்கே தண்ணீர்த்தொட்டி வரை போய்த்தான் திரும்பும். பிறந்ததிலிருந்து அந்த பஸ்ஸில் போய்வருகிற ஊர், அந்த ஒரு நிமிஷம் எல்லாருமாகச் சேர்ந்து அதை மறந்துபோயிருந்தது.

சிவகாசியில் இறங்கி விருதுநகர் பஸ், விருதுநகரில் இறங்கி மல்லாங்கிணறு வழியாகக் காரியாபட்டி போகிற பஸ். டம்ளர் முன்னால் போக, பெண்கள் இருவரும் பின்னால் போனார்கள். கூட்டத்தில் தவறவிட்டால் அது சற்று உயரே எழும்பிக் காட்டியது. வழியெல்லாம் பாண்டிமீனா அவனைப் பார்த்ததும் என்னென்ன கேட்பது, எப்படியெல்லாம் திட்டுவது என்று மாரித்தாயிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். மாரித்தாய் சில நல்ல வார்த்தைகளை எடுத்துக்கொடுத்தாள். இரண்டு பேருக்கும் பசித்தது. ஆனால் இறங்கி எதையும் வாங்கவில்லை.

காரியாபட்டிக்கு அப்பால் ஒரு வெங்காயத் தோட்டத்தில் சுடலை மண்வெட்டியோடு பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தான். மோட்டார் ரூமில் படுக்கை, தோட்டக்காரர் வீட்டில் சாப்பாடு. டம்ளர் வந்து அவன் நெஞ்சுக்கு நேரே நின்றது. அவன் அதை ஒரு கணம்தான் பார்த்தான், உடனே தலையை நிமிர்த்தி வரப்பைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான், அவளுக்குப் பக்கத்தில் நின்ற மாரித்தாயைப் பார்த்தான். மண்வெட்டி கையிலிருந்து விழ, ஓடுகிற தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். பாண்டிமீனாவுக்குச் சேர்த்துவைத்த வசவில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "மெலிஞ்சு போயிட்டீக" என்று மட்டும் சொன்னாள்.

சுடலை மாரித்தாயைப் பார்த்துத்தான் பேசினான். "நான் உக்கார வேண்டிய எடத்துல அவன் உக்காந்திருந்தான் தாயி. அட்டையில ஒரு ஓட்டை பாக்கி, காப்பி குடிக்கணும்னு எனக்கு ஆசை. அவந்தான் சொன்னான், 'நீ போயி ஓட்டையப் போட்டுட்டு வாலே, அதுவரைக்கும் நான் பாத்துக்கிறேன். நாளைக்கு வர்ற ஓசிக் காப்பில பாதி எனக்கு'ன்னு. போனேன். திரும்பி வேலிக்கிட்ட வரும்போது..." அறை வெடித்ததைக் கண்டு, மாரித்தாய் முகத்தில் எப்படி விழிப்பது என்று அங்கிருந்தே ஓடிவந்துவிட்டான். நான்கு பேருக்குமேல் இருக்கக் கூடாத அறையில் ஆள் மாற்றி உட்காருவது அந்த வட்டாரத்தில் சகஜம், முதலாளிக்குத் தெரியாமல் தினமும் நடப்பது. அன்றைக்கும் நடந்தது, அவ்வளவுதான். சுடலை டம்ளரைக் கையால் தள்ளினான். அது போகவில்லை. "இத நான் எப்பிடிக் குடிப்பேன்? இதுல பாதி அவனுது" என்றான்.

மாரித்தாய் வரப்பில் உட்கார்ந்தாள். இந்த இரண்டு மாதமாகப் புருஷனை நினைத்தால் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது ஆஸ்பத்திரியில் காட்டிய அந்தப் பெருவிரல் மட்டும்தான். "சிரிச்சாரா?" என்று கேட்டாள். சுடலைக்குப் புரியவில்லை. "பாதி எனக்குன்னு சொன்னாருல்ல, அப்ப சிரிச்சாரா?" "சிரிச்சான் தாயி. ஓசின்னா அவன் அப்பிடித்தான் சிரிப்பான், ஒனக்குத் தெரியாதா? எந் தோளத் தட்டித் தள்ளிவிட்டான்" என்றான் சுடலை. மாரித்தாய்க்கு அந்தச் சிரிப்பு தெரியும். முன்பல்லில் ஒன்று உடைந்த சிரிப்பு. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் டம்ளரைப் பிடித்தாள். உறுப்பினரைத் தவிர எவர் கைக்கும் நிற்காத டம்ளர் அவள் கைக்கு நின்றது. டபராவில் சரிபாதி ஊற்றி, "இது அவருது" என்று சொல்லிக் குடித்தாள். சீனி திகட்டியது, இருந்தும் அடிவரை குடித்தாள். டம்ளரைச் சுடலையிடம் நீட்டி, "இது ஒங்களுது. குடிச்சிட்டு வீட்டுக்கு வாங்கண்ணே" என்றாள். அவன் அழுதுகொண்டே குடித்தான். பாண்டிமீனா அவன் முதுகில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை பஸ்ஸில் மூவரும் ஊர் திரும்பினார்கள். சுடலை நடந்ததைச் சொல்ல வேண்டிய இடங்களில் சொன்னான். மருந்து வேலைக்குத் திரும்பவில்லை, பாலகுருவின் வேனுக்கு கிளீனராகப் போகிறான். புது வருஷ அட்டையில் ரோஷினி அந்தப் பொடி எழுத்து வரியை எடுத்துவிட்டாள். மற்றபடி கடையில் மாற்றமில்லை. சுடலையின் அட்டை நிறைந்தால் காளிராஜ் எப்போதும்போல ஒரு காப்பி ஆற்றி வைக்கிறார், பக்கத்தில் ஒரு காலி டம்ளரையும் வைக்கிறார். காப்பியில் பாதி தானே எழும்பி அதில் இறங்கிக்கொள்கிறது. ஒன்று சுடலை இருக்கிற இடத்துக்குப் போகிறது. இன்னொன்று காலனித் தெருக் கடைசியில் மாரித்தாய் வீட்டுக்குப் போகிறது. அவள் குடித்துவிட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைக்கிறாள். காய்ந்ததும் அது கடைக்கு வந்துவிடுகிறது.